ஆடாத கை

எனக்குச் செரிபிரல் பால்சி என்று சொன்னால், கேட்பவர்கள் கண்ணாலேயே 'ஐயோ பாவம்' சொல்லி முடித்துவிடுவார்கள். எந்த வகை என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறக்கும்போது என் மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை. ஆனால் மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் இது மாறும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட பயிற்சி மையத்தில் நாங்கள் மூன்று கட்சி. தசை இறுகிப்போனவர்கள் கட்டைக் கட்சி. நேராக நடக்க முடியாமல் தள்ளாடுகிறவர்கள் தண்ணிக் கட்சி. என்னைப் போல, கேட்காமலே கைகால் ஆடுகிறவர்கள் டான்ஸ் கட்சி. பிசியோதெரபி டீச்சர் ஸ்பாஸ்டிக், அட்டாக்சிக், டிஸ்கைனடிக் என்று பாடம் நடத்தினார். நாங்கள் வைத்த பெயர்கள்தான் நிலைத்தன.

என் வகையில் ஒரு கொடுமை உண்டு. தூங்கும்போது உடம்பு சும்மா கிடக்கும். எதையாவது விரும்பினால் போதும், கிளம்பிவிடும். ஆசை எவ்வளவோ ஆட்டம் அவ்வளவு. பேச்சும் அதே கதைதான். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்பவரே முடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக.

என்னோடு படித்த அவள் கட்டைக் கட்சி. அடுகோடியில் அவள் அப்பாவுக்கு லேத் பட்டறை. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ள, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருவாள். நான் பேசி முடிக்கும்வரை காத்திருப்பாள். வேறென்ன வேண்டும்? அவள் உள்ளே நுழைந்தாலே என் வலது கை எழுந்துவிடும். அவள் பிறந்தநாளுக்கு நான் நீட்டிய கேக் அவள் மூக்குக் கண்ணாடியில் போய் அப்பியது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். எனக்கு மானம் போயிற்று.

பட்டறையை ஊருக்கு வெளியே அத்திபெலேக்கு மாற்றுகிறார்கள், இனி அவள் வரமாட்டாள் என்று தெரிந்ததும் ஒன்றே ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். கடைசி நாளன்று, எல்லோரையும் போல, அவள் கையைப் பிடித்து வழியனுப்ப வேண்டும். பத்து நாள் பழகினேன். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்வது, வேறு பக்கம் பார்ப்பது, முக்கியமாக அவளை நினைக்காமல் இருப்பது. அதற்காகச் சிவாஜிநகர் பஸ் நம்பர்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்வேன்.

பலித்தது. அன்று ஜன்னலைப் பார்த்தபடி, பஸ் நம்பர்களைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன். அவள் பிடித்தாள். கை அசையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னா, கை ஆடவே இல்ல?" என்றாள். "நான் போறது உனக்கு ஒண்ணுமே இல்லபோல."

கையை விட்டுவிட்டு வாக்கரைத் திருப்பினாள். அப்போதுதான் என் கை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவள் பேரைக் கூப்பிட ஆரம்பித்தேன், முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் அவள் வாசலை நெருங்கிவிட்டாள். வாக்கரோடு போகிறவர்கள் லேசில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாசலில் அவளுக்காக ஆட்டோ நின்றிருந்தது.

அவள் கையை நான் தொட்டது அந்த ஒரே தடவை. சூடாக இருந்ததா, குளிர்ச்சியாக இருந்ததா என்றுகூடத் தெரியாது. பஸ் நம்பர்கள்தான் ஞாபகம் இருக்கின்றன.

ஆறு மாதமாயிற்று. வாட்ஸாப்பில் ஒரு விரலால் எழுதி எழுதி அழித்துவிட்டேன். எழுத்து ஆடாது. அவள் நம்புவது கையைத்தான். எதிரில் போய் நின்று அதை அதன் போக்கில் விட வேண்டும் என்று தினமும் ஏங்குகிறேன். தனியாகப் பஸ் ஏற என்னால் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அத்திபெலே வரை போய்வர வேண்டும், ஒரு சின்ன வேலை என்று அப்பாவிடம் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். கை காப்பி டம்ளரைச் சுவர் வரைக்கும் அனுப்பிவைத்தது. அப்பா குனிந்து தரையைத் துடைத்தார். துணியைப் பிழிந்துகொண்டே, "அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருக்குப் புரிய மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவையும் சொல்ல ஆசையாக இருந்தது.