கல்காலில் கட்டிய மஞ்சள் துணி

பிள்ளைகளா, நம் திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்காலில் மஞ்சள் துணி எதற்கு என்று கேட்டீர்கள். "அடையாளத்துக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

பழைய கிளையைக் கழித்துக் கொடியைக் கவாத்து வெட்டப்போகும் நாளை நம் பக்கம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெரிந்தால் மற்றவர்களும் அன்றே வெட்டுவார்கள், பழமும் ஒன்றாக வந்து விலை விழுந்துவிடும். "எப்பண்ணே வெட்டுறீக?" என்று கேட்டால், "பாப்போம்" என்பதோடு சரி. மறுநாள் காலையில் பந்தலில் ஆட்கள் நிற்பார்கள்.

இப்போது மழை நம்மைக் கேட்டு வருவதில்லை. வெட்டிய நாள் கணக்குக்குத்தான் கொடி பூக்கும்; பூத்த நேரத்தில் மழை கொட்டுகிறது. பக்கத்துத் தோட்டத்து உத்தமபாளையம் பாய்க்கு அடுத்தடுத்து இரண்டு வெள்ளாமை பூவிலேயே போய்விட்டது. நமக்குத் தப்பியது. என் கெட்டிக்காரத்தனம் இல்லை, ஆள் கிடைக்காமல் நான் தள்ளி வெட்டியதால்தான்.

இதற்காகத்தான் வேளாண்மைக் கல்லூரி டீச்சரம்மா நம்மூர் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஓடைப்பட்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வெட்டும் நாளை முன்பே சொன்னால், தள்ளித் தள்ளி வெட்டலாம், ஒரே மழை எல்லோரையும் அடிக்காது என்றார்கள். எந்த நாள் வெட்டியவர் தப்பினார் என்பதையும் போகப் போகச் சேர்ந்து தெரிந்துகொள்ளலாமாம். எல்லோரும் தலையாட்டினோம். நாளைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பாய் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ எப்ப வெட்டப் போற? உன்னோடயே வெட்டலாம்னு பாக்குறேன். இந்தத் தடவையும் போச்சுன்னா பந்தல் கல்லைப் புடுங்கி வித்துட்டு மகன் கடையில போய் உக்காந்துருவேன்."

அவர் சும்மா சொல்லவில்லை. கல்லுக்கு ஆள் வந்து விலை கேட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். அவர் என்னோடு வெட்டினால் இரண்டு தோட்டத்துப் பழமும் ஒன்றாகத்தான் இறங்கும். உங்கள் படிப்புச் செலவு கண் முன்னால் வந்து நின்றது. "பாப்போம்ணே" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து உங்கள் அம்மா குரல் கேட்டது.

"வெட்டுற ஆளுக்குச் சொல்லியாச்சு. வெட்டுன கொழையை ஆட்டுக்கு அள்ளிட்டுப் போக ஆட்டுக்காரருக்கும் சொல்லியாச்சு. அண்ணனுக்கு மட்டும் சொல்லக்கூடாதாக்கும்."

மண்டபமே சிரித்தது. "ஆட்டுக்கு இருக்க மரியாதை நமக்கு இல்ல தங்கச்சி" என்றார் பாய். நானும் சிரித்துவிட்டேன்.

"வர்ற வெள்ளிக்கெழமைண்ணே" என்றேன்.

"வெள்ளிக்கெழமையா? எனக்குத் தொழுகை இருக்கேப்பா. சரி, நான் சனிக்கெழமை வெட்டிக்கிறேன்."

ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்ப நாங்க பத்து நாள் தள்ளி வெட்டுறோம். இதை முன்னாடியே சொல்லிருந்தா இம்புட்டு நேரம் உக்காந்திருப்போமா?" அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வரமுடியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று, வெட்டுவதற்கு முந்தின நாள் ரோட்டைப் பார்த்த கல்காலில் துணி கட்டுவதாகப் பேச்சு ஆனது.

பூ நிற்குமா, விலை நிற்குமா, எனக்குத் தெரியாது. ஆனால் பாய் கல்லைப் பிடுங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். உங்கள் அம்மாவின் பழைய மஞ்சள் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்து ரோட்டுப் பக்கம் கட்டினேன். அதோடு வந்திருக்கலாம்; பாய்க்குத்தான் நாள் தெரியுமே. இன்னொரு துண்டு கிழித்து, பாய் தோட்டத்தைப் பார்த்த கல்காலிலும் கட்டி, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.