ஆறாவது கேள்வி

என் மகள் ஜப்பானில் முதுமாணிப் படிப்புப் படிக்கிறாள். மண்சரிவு, வெள்ளம், சண்டை என்று எது வந்தாலும் மனிதர்கள் எப்படித் தப்புகிறார்கள், எப்படித் திரும்ப எழுந்து நிற்கிறார்கள் என்கிற படிப்பு. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், பார்க்க ஆள் குறைவு.

போன ஞாயிறு காலையில் போன் எடுத்தாள். தோட்டத்தில் வயசான பெண்களிடம் கேள்வி கேட்டு எழுதுகிறாளாம். நானும் ஒருத்தி.

"அம்மா, இப்ப நான் மக இல்ல. ஒங்க பேர எங்கயும் எழுத மாட்டேன்." எப்போதும் 'நீ' என்கிறவள், அன்றைக்கு 'நீங்க' என்றாள்.

"ஏன், என் பேருக்கு என்னடி கொறச்சல்? தோட்டத்து ஆபீஸ்ல கைநாட்டு வைக்காம கையெழுத்துப் போட்டவ நான்."

"அது சட்டம்மா," என்று சிரித்தாள்.

ஐந்து கேள்விக்கு நன்றாகவே சொன்னேன். ஆறாவது, "மழ எச்சரிக்க வந்தா ஒங்கள யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டுவாங்க."

பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. அதற்கடுத்த வீட்டிலும். எல்லாரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். போன மழையில் அடையாள அட்டைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மழைக்கு எல்லாரும் ஒதுங்குகிற பள்ளிக்கூடத்துக்குத் தனியாகத்தான் நடந்தேன். வழியில் வழுக்கி விழுந்தேன். இதைச் சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்: "எல்லா அம்மாமாரும் இதத்தாம்மா சொல்றாங்க. அக்கம்பக்கம் நல்லா இருக்குன்னு எழுதலாம்."

எல்லாருமா? மேல் லயத்து அக்காவின் நம்பரை அவளுக்குக் கொடுத்ததே நான். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள் அவள். அவளும் தனியாகத்தான் வந்தாள்.

ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறிவிட்டது. மகள் அப்படி எழுதினால், அதைப் படிக்கிறவர்கள் இங்கே கதவைத் தட்ட ஆள் இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்?

நானே போன் எடுத்தேன்.

"அந்த ஆறாவத வெட்டிடு. யாரும் வரல. நானேதான் நடந்து போனேன்."

"நான் வந்துரட்டாம்மா?" என்றாள்.

"மக இல்லேன்னு நீதான சொன்ன? மொதல்ல எழுதுடி."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"எழுதிட்டேங்க," என்றாள்.

"மேல் லயத்து அக்காவயும் திரும்பக் கேளு," என்றேன். "ரெண்டு மூணு தரம் கேளு. அவ லேசுல சொல்ல மாட்டா."