குழாயடியில் கால் கழுவிய காலை

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பி ஒரு வார்த்தை சொன்னான். கணக்கில் மார்க் குறைந்ததற்கு உங்கள் அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அவன் வெடுக்கென்று, "எனக்கு ஜுரம் வந்துதான் உனக்கு வேலை போச்சு, அதானே உன் கோவம்? ரெண்டு வயசுல எனக்கு ஜுரம் வந்தா நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்றான்.

அம்மா தட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் ஐ.டி.ஐ. வரைக்கும்தான் படித்தவன், எழுத்தில் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் எதையும் மாற்ற வேண்டாம்.

2008-ல் ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி, மெயின்டனன்ஸில் இருந்த நான்கு பேரை நான்கு மாதப் படிப்புக்காகப் பிரான்சுக்கு அனுப்பியது. நான் நான்காவது ஆள். அந்த ஊரில் லாட்ஜ் கிடையாது. ஆளுக்கொரு குடும்பத்தில் தங்க வைத்தார்கள். எனக்குக் கிடைத்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு வயதில் ஒரு பெண். காலையில் மெஷின் பாடம், மத்தியானம் இரண்டு மணி நேரம் பிரெஞ்சு வகுப்பு, சாயங்காலம் அவர்கள் வீடு.

அப்போது நாம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பாப்பா எல்.கே.ஜி., தம்பிக்கு இரண்டு வயது. அம்மா ஒரு வயர் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. நான் ஊரில் இல்லாத நான்கு மாதமும் உங்கள் சித்தி கூட வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள்.

பிரான்சில் முதல் நாள் ராத்திரி கோழியும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். நீட்டு ரொட்டியை மேஜைத் துணிமேலேயே வைத்தார்கள், அதற்குத் தட்டு கிடையாது. முள்கரண்டி பிடிக்க வரவில்லை, கையாலேயே சாப்பிட்டேன். அதை அவர்கள் தப்பாக நினைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், நம் வீட்டில் செய்வதுபோல, தம்ளரில் இருந்த தண்ணீரைச் சாய்த்துத் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். துண்டு யாராவது கொடுப்பார்கள் என்று நின்றேன்.

அந்தப் பெண் கண்ணை அகல விரித்து என் தட்டைப் பார்த்தாள். எலும்பும் ரொட்டித் துண்டும் தண்ணீரில் மிதந்தன. அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மேஜையில் என் தட்டு மட்டும் தண்ணீரோடு கிடந்தது. கடைசியில் அந்த நர்ஸம்மா வந்து அது தளும்பாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்கள். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்தவர்கள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில் என் பெயரும் ஏறியிருந்தது. செவ்வாய், வெள்ளி. என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் இரண்டு கையையும் வட்டமாகத் தேய்த்துக் காட்டிச் சிரித்தாள். பாத்திரம் கழுவும் முறை. வீட்டுக்காரருக்குத் திங்களும் வியாழனும்.

என் வாழ்நாளில் அதற்கு முன் நான் ஒரு தட்டுக் கழுவியதில்லை. கண்ணாடித் தம்ளர் முதலில், அப்புறம் கரண்டி, அப்புறம் தட்டு, எண்ணெய்ச் சட்டி கடைசியில் என்று அந்தச் சின்னப் பெண்தான் வரிசை சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. சனிக்கிழமைகளில் அவர்கள் குடும்பத்தோடு ஊர்ப் பொதுக்கூடத்துக்குப் போவார்கள். தனியாக வாழ்கிற வயதானவர்களுக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு போடுவார்கள், எல்லாம் சம்பளம் வாங்காத வேலை. நானும் போனேன். நீலக் கோடு போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பரிமாறினேன், எச்சில் தட்டு எடுத்தேன், முப்பது நாற்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவினேன். கடைசிச் சனிக்கிழமை அந்த நர்ஸம்மா என் தோளைத் தட்டி எல்லாரிடமும் ஏதோ சொல்ல, கூடமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில்கூட யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

இதில் ஒரு வார்த்தையையும் உங்கள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார்டு போட்டுப் போன் பண்ணுவேன்.

"இன்னா சாப்ட்டீங்க? உடம்பு நல்லா கீதா?"

"எனக்கு இன்னா, உக்காந்த எடத்துக்கு எல்லாம் வருது. மாப்பிள்ள மாரி வச்சிக்கினு கீறாங்க."

"அய்ய, அப்ப இங்க வந்தா கஷ்டமாச்சே சாருக்கு," என்று சிரித்தாள்.

நான் ஊர் வந்த அடுத்த மாதம் சித்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்கப்புறம் தம்பிக்குச் சளி, பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்று அம்மா சில நாள் லீவு போட்டாள். ஒரு நாள் சூபர்வைசர் அக்கா அவளைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அம்மா ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள், பையைக்கூடக் கழற்றவில்லை.

"கன்பார்ம் லிஸ்ட்டு போவுதாம். இந்த மாசம் மட்டும் ஒரு லீவு போடாத, உம் பேரு நிச்சயம்னு சொல்லிட்டாங்க. மீதி மூணு வாரமும் எனக்கு விடிகால ஏ ஷிப்ட்டு. காலைல மட்டும் நீங்க பாத்துக்குங்க, போதும்."

"பாத்துக்கறேன்மா. எனக்கு ஒம்போது மணிக்குத்தான டியூட்டி."

"மாவு அரைச்சு வச்சிட்டுப் போறேன். இட்லி ஊத்திக் குடுத்து, பாப்பாவ வேன் ஏத்தி, இவன எதிர்வூட்டு ஆயாகிட்ட வுட்டுடுங்க. அந்தப் பாத்திரத்த மட்டும் கழுவிப் போட்டுடுங்க. எட்டரை ஆனா கொழாய்ல தண்ணி நின்னுடும், நான் மூணு மணிக்கு வந்து எதுல சோறாக்கறது?"

இவ்வளவுதான் அவள் கேட்டது. நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த லைன் வீட்டில் ஐந்து போர்ஷன். ஐந்துக்கும் சேர்த்து ஒரே குழாய், வாசலில், தெருவைப் பார்த்து இருக்கும். எதிரே மாடியில் தெற்கத்திப் பையன்கள் எட்டுப் பேர் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் கம்பெனி லைனில் வேலை பார்த்தவர்கள், என்னை சார் என்று கூப்பிடுகிறவர்கள்.

முதல் நாள் காலை அம்மா ஐந்தேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் இட்லி ஊற்றினேன். பாப்பாவுக்கு இரட்டைச் சடை போடத் தெரியாமல் ஒற்றையாகக் கட்டி வேன் ஏற்றினேன். அதுவரை நல்லபடியாகத்தான் போனது. பிறகு இட்லிக் குண்டான், சட்னிக் கிண்ணம், தட்டு எல்லாவற்றையும் அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குந்தினேன். குழாயைத் திறந்து முதல் தம்ளரைக் கையில் எடுத்தேன்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்ன சார், பிரான்ஸுக்குப் போயி இதத்தான் படிச்சிட்டு வந்தியளா?"

இன்னொருத்தன், "ஏலே, சும்மா இரி. சார், எங்க ரூம்லயும் ரெண்டு சட்டி கெடக்கு, தூக்கிட்டு வரட்டா?" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அது விளையாட்டுச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டுத் தேய்த்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் போர்ஷன் அக்கா வாசலுக்கு வந்து, "இன்னாப்பா, உம் பொண்டாட்டி எங்க போனா? ஆம்பளைய பாத்திரம் தேய்க்க வுட்டுட்டு?" என்றாள்.

"இல்லக்கா, சும்மா கால் கழுவ வந்தேன்," என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. உண்மையாகவே லுங்கியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, குழாயில் ஒரு காலைக் கழுவி, மறு காலையும் கழுவினேன். பிறகு அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளிவிட்டேன். சட்டையை மாட்டி, தம்பியை எதிர்வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். கம்பெனி கேன்டீனில் அன்று யாரோ பிரான்சைப் பற்றிக் கேட்டார்கள். ராஜா மாதிரி வைத்திருந்தார்கள் என்று சொன்னேன்.

அம்மா மூன்று மணிக்கு வந்து பார்த்திருக்கிறாள். குண்டானில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. பசியில் அழுத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த கைப்பம்பில் போய்த் தண்ணீர் அடித்து வந்திருக்கிறாள். நான் சாயங்காலம் வந்தபோது எல்லாம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவள் விடியக்காலை மூன்று மணிக்கே எழுந்தாள். முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் சமைத்து, கழுவி, நான் தொட வேண்டியது ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். சத்தம் வராமல் பாத்திரத்தை ஒவ்வொன்றாக வைப்பாள், நாம் எழுந்துவிடக் கூடாதென்று. எனக்குத் தினமும் முழிப்பு வந்தது. தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில்கூட நான் எழுந்து ஒரு கை கொடுக்கவில்லை. எழுந்தால் அந்தக் காலையைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று பயம்.

இப்படிப் பதினாறு நாள். பதினேழாம் நாள் அம்மா லைனில் தலைசுற்றி விழுந்தாள். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு நாள் படுத்தே கிடந்தாள், போடக் கூடாத லீவு அப்போதே விழுந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் தம்பிக்கு ஜுரம் வந்தது. தேதி வரிசை இதுதான். முதலில் அம்மா விழுந்தாள், அப்புறம்தான் தம்பி, உனக்கு ஜுரம். நான் அப்போதாவது ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம். பிரான்ஸ் போய் வந்தவன் லீவு கேட்டால் மேனேஜர் என்ன நினைப்பார் என்று பார்த்தேன். லிஸ்ட்டில் அவள் பெயர் வரவில்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்று சூபர்வைசர் அக்கா ஆள் அனுப்பினாள். அம்மா, "போதுங்க, என்னால முடியாது," என்று ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏன் நின்றுவிட்டாள் என்று உங்கள் சித்தி போனில் கேட்டபோது, போனை எடுத்தவன் நான். "சின்னவனுக்கு ஜுரம், அதான்," என்று முதலில் சொன்னது நான்தான். அந்தப் பேச்சுத்தான் ஏழு வருஷமாக நம் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மா ஒரு தடவைகூட அதை மறுத்துப் பேசவில்லை. என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்தேன். தம்பி, உனக்கு அது பாரமாகும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து ஒரு பார்சல் வந்தது. போட்டோ ஆல்பம். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஆசையாகப் பிரித்தாள். முதல் பக்கத்தில் வீடு. அடுத்ததில் நான், ஏப்ரன் கட்டி, முழங்கை வரை நுரையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. அதற்கடுத்த பக்கத்தில் பொதுக்கூடம், என் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய தட்டு.

"அப்பா இன்னா பண்றாரு?" என்று பாப்பா கேட்டது.

"வேலை செய்றாரு," என்றாள் அம்மா. எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் புரட்டி முடித்து, ஆல்பத்தை மூடி என் கையில் கொடுத்தாள்.

"அங்க கொழாய் உள்ளாற இருந்துதா?"

நான் குழாயடியில் கால் கழுவிவிட்டு வந்த கதையைப் பக்கத்துப் போர்ஷன் அக்கா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. எப்போது சொன்னாள், எவ்வளவு நாளாக அம்மாவுக்குத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஆமா," என்று மட்டும் சொன்னேன்.

சேரப்பணஞ்சேரியில் நாம் கட்டிய இந்த வீட்டில் குழாய் உள்ளே இருக்கிறது. தினமும் ராத்திரி நான் பாத்திரம் கழுவுவதை நீங்கள் பார்க்கிறீர்கள். தம்ளர் முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். உங்கள் அப்பா எவ்வளவு நல்லவர் என்று பாப்பாவின் டீச்சர்கூடச் சொன்னார்களாம். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன், பாருங்கள். சுவருக்குள்ளே செய்வதில் என்ன இருக்கிறது? இன்றைக்கும் தெருக்குழாயில் குந்தச் சொன்னால் குந்துவேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அம்மா இரண்டு தடவை வேறு கம்பெனிகளில் போய்க் கேட்டாள். வயது தாண்டிவிட்டது என்றார்கள்.

தம்பி, உன் ஜுரம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அதனால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை.

இதை உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அன்னைக்கி சாயங்காலம் நான் ஒண்ணும் சொல்லலன்னு எழுதிக்கீறீங்க. சொன்னேனே."

"இன்னா சொன்ன?"

என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துட்டீங்களா? அப்ப சரி," என்று தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

நான்கு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் சாயங்காலம் கவிழ்த்து வைத்த பாத்திரம் நினைவிருக்கிறது, அவள் முந்தானை ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது. அவள் சொன்னது நினைவுக்கு வரவில்லை.