பொன்னுத்தாய் அக்காவின் ஒற்றை ஓட்டு

இந்தக் கோடையில் எங்கள் கட்டடத்தில் ஆட்சி கவிழ்ந்தது. சிரிக்காதீர்கள்... உண்மையாகவே கவிழ்ந்தது. கவிழ்ந்த மந்திரி சபையில் நானும் ஒருத்தி — செகரட்டரி!

செம்பூரில் எங்களுடையது பழைய ஹவுசிங் சொஸைட்டி. கமிட்டிக்கு ஏழு பேர். தேர்தல் முடிந்து பார்த்தால் மூன்று பேர் மொட்டைமாடிக் கட்சி, மூன்று பேர் பார்க்கிங் கட்சி. மழைக்கு முன்னால் மாடி ஒழுகலை அடைக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை. எங்கள் தலைவர் வெங்கட்ராமன் சார், மாட்டுங்காவிலிருந்து வந்து கடைசி மாடியில் குடியிருப்பவர். கார்களுக்குக் கோடு போட்டு இடம் பிரிக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சியின் கொள்கை. அவர்கள் தலைவர் ஷிண்டே. வீட்டில் இரண்டு கார்.

ஏழாவது ஆள்?

பொன்னுத்தாய் அக்கா. திருநெல்வேலிக்காரர். கணவருக்குத் தாராவியில் பாத்திரக் கடை. இருப்பது தரைத்தளம், அதனால் கூரை ஒழுகாது. காரும் கிடையாது. இவரை எதைக் காட்டி இழுப்பது?

முதல் கூட்டத்தில் அக்காவே சொல்லிவிட்டார். “நான் எந்தப் பக்கமும் சேர மாட்டேன். வீட்டு வேலைக்கு வார பொம்பளையளுக்கும் வாட்ச்மேனுக்கும் கீழ ஒரு கக்கூஸ் கட்டணும். சரின்னு சொல்லுதவுகளுக்குக் கை தூக்குதேன். அம்புட்டுதான்.”

அக்காவுக்கு இந்தி நன்றாக வரும். ஆனால் முக்கியமான விஷயம் என்றால் தமிழ்தான். ஷிண்டேவுக்கு மொழிபெயர்ப்பது என் இலாகா. நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட்ராமன் சார், “பேஷா கட்டிடலாம்மா!” என்று முந்திக்கொண்டார். வெளியிலிருந்து ஆதரவு. நான்குக்கு மூன்று என்று ஆட்சி அமைந்தது.

பிறகு? ஆட்சிக்கு வந்தவர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அதாவது, ஒன்றும் செய்யவில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம் சார், “மனசுல இருக்கும்மா... மழை முடியட்டுமே” என்பார்.

மே மாதம் மொட்டைமாடி காண்ட்ராக்ட் ஓட்டுக்கு வந்தது. எங்கள் மூன்று கைகளும் உயர்ந்தன. அக்காவின் கை மடியிலேயே கிடந்தது.

“என்னம்மா, கை வலிக்கறதா?”

“இல்ல சார். மழை முடியட்டும்.”

அன்று சாயங்காலமே சார் வாட்ஸ்அப் குரூப்பில் ராஜினாமா செய்தார். என் பதவியும் போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

மறுநாள் காலை ஷிண்டே லட்டு டப்பாவோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார். அக்காவை அவர் ‘பொன்னு தாயி’ என்றுதான் கூப்பிடுவார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. பெயர் பொன்னு, தாயி மரியாதைக்கு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்! அக்காவும் திருத்தியதில்லை.

“டாய்லெட்தானே தாயி? ஹோ ஜாயேகா.” ஆகிவிடும் என்று அர்த்தம்.

அக்கா லட்டை வாங்கிக்கொண்டார். வாக்குறுதியை வாங்கிக்கொள்ளவில்லை. “மீட்டிங்ல சொல்லுங்க” என்றுவிட்டார்.

மீட்டிங்கில் வெடித்தது ஷிண்டேயின் சொந்தக் கட்சி. முதல் மாடி மூர்த்தி எழுந்தார். “பழைய பம்ப் ரூம்லதானே கட்டுவீங்க? அது என் ஜன்னலுக்கு நேர் கீழே. நாத்தம் யாருக்கு? அவங்க வீட்லேர்ந்தே போயிட்டு வரட்டுமே!”

அக்கா குரலை உயர்த்தவில்லை.

“மூர்த்தி சார், நம்ம சுலோச்சனா ஆண்டாப் ஹில்லேர்ந்து விடியக்காலம் பஸ் ஏறுதா. திரும்ப சாயங்காலம் ஆவுது. உங்க வீட்டு பாத்ரூமயும் அவதான் கழுவுதா. ஒருநாளாவது ‘நீ போயிட்டு வா’ன்னு சொல்லியிருக்கியளா? இங்க வந்தா தண்ணியே குடிக்க மாட்டேங்கா. போன மாசம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல கெடந்தாளே... ஏன்னு கேட்டியளா?”

மூர்த்தி உட்கார்ந்துவிட்டார். ஷிண்டே என்னைப் பார்த்தார். பதவி போனாலும் மொழிபெயர்ப்பு போகவில்லையே! ஆரம்பித்தேன். ‘உங்க வீட்டு பாத்ரூம்’ என்ற இடம் வந்தது. ‘எங்கள் வீட்டு பாத்ரூம்’ என்றுதான் சொல்ல முடிந்தது. சுலோச்சனா என் வீட்டிலும்தானே வேலை செய்கிறாள்?

ஓட்டெடுப்பு. அக்கா கை தூக்கினார். நானும் தூக்கினேன். ஷிண்டேயும் தூக்கினார். மூன்று. இன்னும் ஒன்று வேண்டும்!

வெங்கட்ராமன் சார் ஃபேனைப் பார்த்தபடி கேட்டார். “அப்போ என் மொட்டைமாடி?”

“கக்கூஸுக்குக் கடப்பாறை விழட்டும் சார். மறுநாளே ஒங்க மாடிக்குக் கை தூக்குதேன்.”

“பார்க்கிங், தாயி?” என்றார் ஷிண்டே அவசரமாக.

“அதுக்குந்தான்.”

சாரின் கை மெல்ல மேலே போனது. கூட்டணி ஆட்சி! ஷிண்டே சேர்மன், சார் பொருளாளர், நான் மறுபடியும் செகரட்டரி. அக்கா பதவி ஏதும் கேட்கவில்லை.

டெல்லியில் ஆட்சி ஆடும்போதெல்லாம் ‘நிலையான ஆட்சி இல்லையே’ என்று டிவி முன்னால் புலம்புகிறவள் நான். எங்கள் கட்டடத்தில் இதற்கு முன் இருந்ததெல்லாம் நிலையான கமிட்டிகள்தான். ஏழுக்கு ஏழு ஒரே கட்சி. வாட்ச்மேன் கக்கூஸுக்கு ஸ்டேஷன் வரை நடந்து போய்த்தான் வருகிறார் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாட்ச்மேனுக்கு ஓட்டு இல்லை. சுலோச்சனாவுக்கும் இல்லை. கை நிறைய ஓட்டு இருக்கிறவர்கள் யார் பேச்சைக் கேட்க வேண்டும்? ஒரு கை குறைந்தால்தான் காது திறக்கிறது.

மாடி வேலை, மழைக்குச் சற்று முன்பாக ஒருவழியாக முடிந்தது. கோடு போடும் வேலையில் இன்னும் சண்டை நடக்கிறது. கக்கூஸ் மட்டும் டைல்ஸ், குழாய், உள்தாழ்ப்பாள் சகிதம் போன ஞாயிற்றுக்கிழமை தயார்.

வாசலில் ரிப்பன் கட்டியிருந்தோம். வெட்டுவது சேர்மனா, பொருளாளரா? இருவர் கையிலும் ஆளுக்கொரு கத்தரிக்கோல்! வாக்குவாதம் சூடு பிடித்த நேரத்தில் என் வீட்டு வேலையை முடித்துவிட்டு சுலோச்சனா இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ரிப்பனை ஒரு கையால் தூக்கினாள், குனிந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தலைவர்கள் இருவரும் கத்தரிக்கோலோடு நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றார்கள் — முதல்முறையாக, ஒரே பக்கம்.