கடப்பாக்கல்லில் ஒரு வெள்ளை ஆமை

நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கூடம் முழுக்கக் கடப்பாக்கல். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. வெயில் காலத்தில் அதுதான் எங்களுக்குப் பாய், அதுதான் விசிறி. அந்தக் கறுப்பில் ஒருநாள் வெள்ளையாக ஒரு ஆமை வந்து படுத்துக்கொண்டது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்தாக வேண்டும். அந்த வருஷம் சுண்ணாம்பு சொட்டித் தரையில் காய்ந்து, தேய்த்தாலும் போகாமல் நின்றது. திருவிழாவுக்கு பிரான்சிலிருந்து வீட்டுக்கார மதாம் வருகிறார். வீட்டைப் பற்றி நேரில் பேசணும் என்று சொல்லியனுப்பியிருந்தார். காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு பளிச்சென்று இருந்தால் அவர் மனசு இளகும் என்று அம்மா நம்பினாள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்துவந்து ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு போயிற்று. கூடவே கல்லின் கறுப்பும் போய், ஆமை வடிவில் ஒரு வெள்ளைத் திட்டு நின்றது.

எனக்கோ அது அதிசயம். தண்ணீர் தெளித்தால் ஆமையைக் காணோம். காயக் காய, முதலில் முதுகு வரும், பிறகு கால்கள், கடைசியில் தலை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது, தண்ணீருக்கு அடியிலா, கல்லுக்கு உள்ளேயா? குப்புறப் படுத்து ஊதி ஊதிப் பார்ப்பேன். சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழவழக்கும் கல், அந்த இடத்தில் மட்டும் பூனை நாக்காய்ச் சொரசொரத்தது.

பித்தளையைப் பளபளக்க வைக்கும் புளி கல்லை விட்டுவிடுமா என்று அம்மா புளியைத் தேய்த்தாள். ஆமைக்கு வால் முளைத்தது. தேங்காய் எண்ணெய் தடவினாள். கறுத்தது, ஆனால் எறும்பு மொய்த்தது. கடைசியில் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா. கையில் பூட்ஸ் பாலிஷ் டப்பா.

"என் பூட்ஸ்ல முகம் பாத்துதான் எங்க கொமாந்தான் மீசை சீவுவான். இந்த ஆமை எம்மாத்திரம்?"

"மீசையெல்லாம் இருக்கட்டும்ணே. ஒட்டாம இருக்குமா?"

"நீ சும்மா இரு."

ஆமை மறைந்தது. கூடமே பட்டாளத்துப் பூட்ஸ் மாதிரி மினுங்கியது.

வருஷா வருஷம் மதாம் செய்கிற ஒன்றை அந்தப் பதற்றத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பிறந்து வளர்ந்த வீட்டுத் தரையில் வெறுங்காலோடு ஒரு சுற்று வருவார். "ஹா, இந்தச் சில்லுக்குத்தான் வருஷம் பூரா காலு ஏங்குது" என்று சொல்லிக்கொண்டே நேராக ஆமையின் முதுகில் போய் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டதும் அந்தச் சிவந்த உள்ளங்கால் கரிச்சட்டியாகத் தெரிந்தது. மாமா உத்தரத்தை எண்ண ஆரம்பித்தார்.

"ஆசிட் ஊத்திட்டேன் மதாம். கெடுக்கணும்னு செய்யல," என்றாள் அம்மா.

மதாம் கைக்குட்டையால் காலைத் துடைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, இதுக்கா பயந்தே? விடும்மா. வீட்டை வாங்கறவரு எப்படியும் இதையெல்லாம் பேத்துட்டு மொசைக்தான் போடப் போறாரு. அவசரமில்ல, தை வரைக்கும் இருங்க."

திட்டு இல்லை! நான் தெருவுக்கு ஓடி, பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்: எங்க மதாம் திட்டவே இல்ல, சிரிச்சாங்க.

திரும்பி வந்தபோது மதாம் போய்விட்டிருந்தார். ஆசிட் ஊற்றிய அன்று அழாத அம்மா, வால் முளைத்தபோது தலையில் அடித்துக்கொண்டதோடு விட்ட அம்மா, இப்போது தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்து நின்றார்.

"அதான் திட்டலியேம்மா," என்றேன்.

மதாமின் கால் பட்டு வெளுத்திருந்த இடத்தில், மாமா விட்டுப்போன டப்பாவிலிருந்து பாலிஷை எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். பேர்க்கப்போகிற கல்லுக்கு எதற்குப் பாலிஷ், மன்னித்த பிறகு எதற்கு அழுகை என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, இந்தத் தடவை முதலில் மறைவது தலையா வாலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.