ரவையில் கலந்த ஒயின்

என் தங்கைக்கு வீட்டில் டமாரம் என்று பெயர். நான் வைத்ததுதான். எட்டு வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கியவள், சாப்பாட்டுத் தட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்குப் பரீட்சை என்றால் அவளுக்குக் கை கூடுதலாக அரிக்கும். இப்போது கடல் தாண்டி ஒரு கல்லூரியில் இசை படிக்கிறாள்.

அங்கே ஒரு விதி. இறுதித் தேர்வில் அந்த ஊர்க் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். ஆளை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வருடம் போச்சு, உதவித்தொகையும் நின்றுவிடும். இவள் நான்கு பேரைப் பிடித்தாள். நான்கு பேரும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, சத்தம் தாங்கவில்லை என்று கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே துளி இடைவெளி கிடைத்தாலும் நுழைந்து நிரப்பிவிடுவாள். பேச்சிலும் அப்படித்தான்.

"மூட்டையக் கட்டிட்டு வந்துடு, போதும்" என்று ஒருநாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள். நாலு நாள் பேச்சில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் கூப்பிட்டாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஒரு ஒயின் கடையிலிருந்து. ஐந்தே மேசை. ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் விளையும் திராட்சையில் கடைக்காரம்மாவின் அண்ணன் போடும் ஒயின்தான் அங்கே. ஞாயிறு மதியம் ஒரு தபால்காரர் வந்து அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பார். இவள் வாரம் தவறாமல் போய், ஒரே கோப்பையை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு கேட்பாள்.

"என்கூட ஒரு பாட்டு வாசிச்சுப் பாரு, அப்புறம் சொல்றேன்னுட்டாருக்கா. இவரும் இல்லேன்னா அவ்ளோதான்."

"அது என்னடி கையில, இன்னொரு கோப்பையா?"

"அதே கோப்பைதான். மொதல்ல புளிக்கும், அப்புறம் தேன் மாதிரி. அம்மாகிட்ட மூச்சு விடாத."

போனை ஒரு பாட்டிலில் சாய்த்துவிட்டு வேலையில் இறங்கினாள். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்பினால்தான் அடிநாதம் வரும். டப்பாவைத் திறந்து ரவையை உள்ளங்கையில் கொட்டினாள். பதற்றத்தில் பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்து ஊற்றிக் குழைத்தாள். வெள்ளை ஒயின், பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அப்பி முடித்த பிறகுதான் வாசனை ஏறியது.

"அய்யய்யோ!"

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். தன் அண்ணனின் ஒயின் மிருதங்கத் தோலில் பூசப்பட்டிருப்பதைக் கண்டு இடுப்பில் கைவைத்தார். போச்சுடா என்று நினைத்தேன். அந்தம்மாவோ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தபால்காரருக்கும் சிரிப்பு தொற்றியது. கடைசியில் என் தங்கையும் சிரித்தாள். ஆள் தேடத் தொடங்கிய நாலு வாரத்தில் அவள் இறுக்கம் தளர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தபால்காரர் மெதுவான ஒரு பாட்டைத் தொடங்கினார். அவருக்கு ஒரு பழக்கம்: பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்தி, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் தொடர்வார். கடை முழுக்க அவருக்காகக் காத்திருக்கும். அன்றும் நிறுத்தினார், கோப்பையைத் தூக்கினார். இவ்வளவு பெரிய இடைவெளியை டமாரம் சும்மா விடுமா? நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், வலது கை மடியில் கிடக்கிறது. சற்றுப் பொறுத்து, இடது கையால் மட்டும் ஒரே ஒருமுறை தோலை அழுத்தித் தேய்த்தாள். தாழ்ந்த குரலில் யாரோ "ம்" கொட்டுவதுபோல ஒரு நாதம். பிறகு மறுபடியும் காத்திருந்தாள். இன்னொரு "ம்".

தபால்காரர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார். விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். அவர் போகிற இடமெல்லாம் இவளும் கூடவே போனாள், ஓரடி பின்னால். என் தங்கை இப்படி வாசிப்பாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஊருக்கு வரச் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து ஏதோ கேட்டார். இவள் போன் பக்கம் திரும்பினாள்.

"என்னடி கேக்கறாரு?"

"எக்ஸாம்... எக்ஸாம் என்னிக்குன்னு கேக்கறாருக்கா."

"பன்னெண்டாம் தேதின்னு சொல்லித் தொலையேண்டி!" என்று கத்திவிட்டு, நான் அழுதேன்.