துத்தம் கலந்த மாவு

தெரிந்தேதான் செய்தேன். மயில்துத்தம் கலந்த மாவை, அது நஞ்சு என்று தெரிந்தே, வேகவைத்து என் நாத்தனார் சரசுவுக்குப் பரிமாறினேன். நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

இதை உங்களிடம் சொல்வதற்குள் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. 

நான் ரங்கூனில் பிறந்தவள். அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறிய அறுபதுகளில், கணவரோடும் அவர் தங்கை சரசுவோடும் சிவகாசிப் பக்கம் தாயில்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். தாய்நாடு திரும்பியவர்கள் என்றார்கள். எனக்கோ அது அந்நிய தேசம்! கம்பங்கூழ் தொண்டையில் இறங்காது. ரேஷனில் போட்ட மைலோச் சோளத்தை எப்படிச் சமைத்தாலும் வைக்கோல் நாற்றம். அரிசியைக் கண்ணில் காண்பதே அரிது. கணவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார், சனிக்கிழமைதான் வருவார். நானும் சரசுவும் பட்டாசுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வெடிக்குழாய் சுருட்டினோம்.

சுருட்டிய காகிதத்தை ஒட்டப் பசை வேண்டும். அதற்கு வாராவாரம் கம்பெனி மைதா கொடுக்கும்; கூடவே ஒரு பொட்டலம் நீலத் துத்தம். பசை காய்ச்சும்போது துத்தத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். எலியும் கரப்பானும் அண்டாது என்பார்கள். மனித வாயும் அண்டாது என்பதுதான் உள்விஷயம். ஊர்ப் பசி அப்படி! பசை நீலமாக இல்லையென்றால் கம்பெனி ஏஜண்டு வேலையைப் பிடுங்கிவிடுவார்.

துத்தம் போடும் முன்பே நான் இரண்டு கை மாவை ஒதுக்கிவிடுவேன். பிசைந்து, தேய்த்து, நூலாக நறுக்கி, வேகவைத்து, பூண்டு வறுத்த எண்ணெயும் புளித்தண்ணீரும் ஊற்றினால்... எங்கள் ரங்கூன் கவுசுவே! வாரத்தில் அந்த ஒருவேளைதான் வயிறும் மனசும் நிறையும். சரசுவுக்குப் பதினேழு வயது. அந்த நாளை எண்ணிக்கொண்டே இருப்பாள்.

அன்று மாவைப் பிசைந்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏ பர்மாக்கா, ஏஜண்டு வாராக. வீடு வீடா மாவைப் பாக்காக."

எங்கே ஒளிப்பேன்? கரைத்து வைத்திருந்த துத்தத் தண்ணீரை அந்த மாவின்மேல் கவிழ்த்தேன். ஏஜண்டு குனிந்து பார்த்தார்.

"இதென்னம்மா, இம்புட்டு கெட்டியா இருக்கு?"

"இனிமேத்தான் கரைச்சுக் காய்ச்சணுங்கய்யா."

"சீக்கிரம் காய்ச்சுங்க. லோடு போகணும்."

போய்விட்டார். பிழைத்தேன்!

அந்த மாவைப் பசைப்பானையிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். நீலம் பட்ட மேற்புறத்தைச் சுரண்டினேன். தண்ணீரில் அலசினேன். உள்ளே வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள்தூளைக் கூடவே போட்டேன். எதை மறைக்க?

"துவர்க்குது மதினி" என்றாள் சரசு.

"புளி கூடிப்போச்சு. சாப்பிடு."

"நீங்க?"

"பெறவு திங்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத் தின்னலாம் என்றா? ஐயோ... அப்படித்தான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி பச்சையாக வந்தது. ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாம்பலைப் போட்டு அந்தப் பச்சையைத் துடைத்தேன். மிச்சத்தைக் குழியில் கொட்டினேன். பிறகுதான் கத்தினேன்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், என்ன சாப்பிட்டாள் என்று. உண்மையைச் சொன்னால் மாவுத் திருட்டு வெளியே வரும். வேலை போகும். போலீஸ் வரும். "காலைல பக்கத்து வீட்டுல கூழு குடிச்சா" என்றேன். பொன்னுத்தாய் கொடுத்த கூழ், அது பொய்யில்லை. வேறு ஏதாவது உண்டா என்று இன்னொரு தடவை கேட்டார். அவருக்குத் தெரிந்திருந்தால் சரியான வைத்தியம் பார்த்திருப்பார். அவள் உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது...

"நானும் அவளும் மதியம் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். எனக்கு ஒண்ணும் செய்யலையே."

மூன்று நாள் கிடந்து சரசு பிழைத்தாள். வயிறு மட்டும் பழையபடி ஆகவேயில்லை. காரம் பட்டால் இன்றும் துடித்துப்போவாள். கூழ்தான் காரணம் என்று அவளும் நம்பினாள்.

ஊர் சும்மா இருக்குமா? பொன்னுத்தாய் கூழில் மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. அவள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாற நின்றவளை, ஒரு கிழவர் "நீ ஒதுங்கு தாயி" என்றார். நான் இலை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் அவளே வந்தாள்.

"அக்கா, கூழு ஊசிருந்ததோ என்னமோ, பாக்காமக் குடுத்திட்டேன். மருந்தெல்லாம் வைக்கலக்கா. எம்புள்ளை தலைல அடிச்சுச் சொல்லுதேன். என்னைய மன்னிச்சிருங்க."

உள்ளே சரசு படுத்திருந்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன்.

"சரி, விடு. போனது போகட்டும். மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அதன்பிறகு எட்டு வருடம் பொன்னுத்தாய் உயிரோடு இருந்தாள். தின்னக் கொடுத்தால் வாங்கமாட்டோம் என்று நினைத்து, தீபாவளிக்குத் தீபாவளி சரசுவுக்கு ஒரு ரவிக்கைத்துணி கொண்டுவந்தாள். எட்டுத் துணியையும் நான்தான் கைநீட்டி வாங்கினேன்.